நோக்கும் கண்ணோட்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கூடிய உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயற்குழுப் பெருமக்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் அமர்ந்து எங்கள் பேச்சு எப்போது முடியுமெனக் கடிகாரத்தை நோக்கிக் கொண்டிருக்கும் இளைய நண்பர்களே!

இளைஞர் குழுக்களை நடத்தும் மூத்தோர்க்கு நோக்கு என ஒன்று வேண்டுவது ஏன் என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். 'எங்கள்' என்றும் 'நாங்கள்' என்றும் பன்மையில் பேசுவது பெருமை கருதியன்று. இச்சங்கத்தின் இளைஞர் பிரிவை எட்டு ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவர் மூவர். அவருள் ஒருவர் சென்ற ஆண்டு நம்மை விட்டு மறைந்தார். மற்றொருவர் முழங்கால் நோயினால் மாடிப்படி ஏற இயலாது இல்லத்தில் இருக்கின்றார். மூவரும் சேர்ந்து செய்ததை மூவர் சார்பாகவும் இங்கே எடுத்துரைப்பதே முறை.

இன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு தீர்மானம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இளைஞர் பிரிவில் இப்போது ஒன்பது பேரே எஞ்சியுள்ளமையால் அப்பிரிவைக் கலைத்துவிட்டு, அவர்கள் பயன்படுத்தி வரும் கீழ்த்தள அறையைத் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவோர்க்கு வாடகைக்கு விடலாம் என்பது அத்தீர்மானம். கொண்டு வந்த நண்பர்மீது எங்களுக்கு வருத்தம் சிறிதுமில்லை. அவர் கணக்கர், கணக்கைப் பார்க்கின்றார். ஒரு காலத்தில் முப்பத்து நால்வர் இருந்த பிரிவு ஒன்பதாகக் குறைந்தமைக்குக் காரணம் எங்கே இருக்கின்றது என்பதைக் கூறவே இவ்வுரை.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இக்காலத்தில் 'கண்ணோட்டம்' என்றால் ஒருவர் ஒன்றைப் பார்க்கும் முறை என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். 'என் கண்ணோட்டத்தில்' என்று தொடங்காத மேடைப் பேச்சு இன்று அரிது. ஆனால் திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்திற்கு அப்பெயர் வைத்தபோது வள்ளுவர் கருதியது அஃதன்று. தம்மோடு பழகியவர்மேல் கண் சென்று படிதலும், படிந்த அக்கண்ணில் இரக்கம் சுரத்தலுமே அங்கே கண்ணோட்டம். இளையோரை நடத்துவோர்க்குத் தொலைவில் உள்ளதைக் காணும் நோக்கும் வேண்டும். அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தைக் காணும் கண்ணோட்டமும் வேண்டும். எங்களிடம் அந்நாளில் இரண்டும் இல்லை. இருந்தது ஒரு பட்டியல்.

அப்பட்டியலை இங்குள்ளோர் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சனவரியில் பொங்கல் விழா, அதில் ஒரு வரலாற்று நாடகம். ஏப்ரலில் பேச்சுப் போட்டி. ஆகஸ்டில் குறள் ஒப்புவித்தல். டிசம்பரில் பாரதி விழா. நாடகத்தின் மன்னன் ஆண்டுக்காண்டு மாறினாலும் வசனம் மாறியதில்லை. அட்டைக் கிரீடம் ஒன்றே மூன்று பேரரசுகளுக்கும் பயன்பட்டது. பிள்ளைகள் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு வந்தனர், மனப்பாடம் செய்தனர், பரிசாகத் துருவேறா எஃகுக் கிண்ணம் பெற்றனர், வீடு திரும்பினர். நாங்கள் அதனைத் தமிழ்ப்பணி என்று நம்பினோம். இன்றும் அதில் பிழையொன்றுமில்லை என்றே கூறுவோம். ஆயினும், 'இது எதற்காக?' என்று அப்பிள்ளைகளுள் ஒருவர் கேட்டிருந்தால், 'சென்ற ஆண்டும் செய்தோம்' என்பதற்கு மேல் விடை சொல்ல எங்களால் இயன்றிராது.

2009-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்று வந்த ஒரு பெண் எங்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொண்டு வந்தாள். பொங்கலுக்குரிய நாடகத்தைத் தானே எழுதியிருந்தாள். லேக் மார்க்கெட்டிற்கு அருகில் மெஸ் நடத்தும் ஒரு தமிழ்க் கைம்பெண்; அங்கே உண்ண வரும் வங்காளி எழுத்தர், பீகாரைச் சேர்ந்த டிராம் நடத்துநர், ஊரிலிருந்து வேலை தேடி வந்த நம் பையன் ஒருவன். இவர்களே நாடக மாந்தர். உரையாடலில் பாதி தமிழ், பாதி வங்காளம். தன் பாட்டியின் வாழ்க்கையையே அவள் எழுதியிருந்தாள் என்பது எங்களுக்குப் பின்னரே தெரிய வந்தது. அன்று நாங்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, 'தமிழ்ச் சங்க மேடையில் வங்காளமா? அடுத்த ஆண்டு பார்க்கலாம். இவ்வாண்டு சேர நாட்டு நாடகம் முடிவாகிவிட்டது' என்றோம்.

அவள் எதிர்வாதம் செய்யவில்லை. 'சரி மாமா' என்று கூறிக் குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சென்றாள். இளையோர் சினந்து பேசினால் அஞ்ச வேண்டுவதில்லை. இன்னும் எதையோ நம்மிடம் எதிர்பார்க்கின்றனர் என்பதற்கு அஃது அடையாளம். அந்தச் 'சரி மாமா'வின் பொருளை உணர எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த பொங்கலுக்கு நாடகத்தில் நடிக்கப் பதினொருவரே வந்தனர். தேர்வு என்றோம், தொலைக்காட்சி என்றோம், கணிப்பொறி என்றோம். மூவரும் கூடிப் பேசிய மாலைகளில் காலத்தின் கேடு பற்றி நாங்கள் ஆற்றிய உரைகளைத் தொகுத்தால் ஒரு தனி மலரே வெளியிடலாம்.

2011-இல் துர்க்கா பூசையின் எட்டாம் நாள். அஷ்டமியன்று காலையில் எங்கள் வட்டாரத்துச் சங்கப் பந்தலுக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தோம். கல்கத்தா என்றே எங்கள் நாவிற்குப் பழகிவிட்ட இக்கொல்கத்தாவில் 'பாரா' என்னும் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு சங்கம் உண்டு. பூசைக்குச் சந்தா திரட்டுவது முதல் படிமத்தை ஆற்றில் கரைப்பது வரை அச்சங்கத்தாரின் பொறுப்பு. ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் 1790-இல் நண்பர் பன்னிருவர் கூடிப் பொதுப் பணத்தில் பூசை நடத்தியதே இம்முறைக்குத் தொடக்கம் என்று வங்க மரபு கூறும். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூசையை மனிதகுலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்களைத் தடுத்து நிறுத்தியதோ பந்தலின் அழகன்று. நுழைவாயிலருகே மேசையிட்டுச் சந்தாக் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவள் அக்குறிப்பேட்டுக்காரப் பெண். கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்கு செய்தவர் இருவர், எங்கள் நாடகத்தில் வாயிற்காவலராக வேல் பிடித்து நின்றவர்கள். எங்கள் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பத்தியிலேயே திக்கி நின்று அழுதுவிட்ட ஒரு சிறுவன், ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து, காணாமற்போன குழந்தை ஒன்றின் அடையாளங்களை வங்காளத்திலும் இந்தியிலும் தடையின்றிக் கூறிக் கொண்டிருந்தான். பந்தலில் தமிழ் முகம் சிலவற்றைக் கண்டானோ என்னவோ, மூன்றாவதாகத் தமிழிலும் கூறினான். அதில் ஒரு வல்லினம் கூடப் பிழையாக ஒலிக்கவில்லை.

ஓரத்தில் ஒரு நெகிழி நாற்காலியில் எழுபது வயது மதிக்கத்தக்க வங்காளிப் பெரியவர் ஒருவர் மண்குவளையில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தார். அவரே தலைவர் என்றார்கள். 'இத்தனையும் நடத்துவது யார்?' என்று வினவினோம். பிள்ளைகள் இருந்த பக்கமாகக் கையை நீட்டினார். 'தாங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்றோம். 'காவல் நிலையத்திலும் மின்சார அலுவலகத்திலும் நரைத்த தலையைக் கேட்கிறார்கள். அங்கே நான் போகிறேன்' என்று சிரித்தார். சிறிது நேரம் கழித்து, 'அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அஷ்டமியன்று நம் பாராவில் போக் போய்ச் சேராத வீடு ஒன்றும் இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் அவர்கள் பாடு' என்றார். போக் என்பது அம்மனுக்குப் படைத்த கிச்சடியும் காய்கறியும் பாயசமும்.

அன்று நண்பகல் நாங்கள் அந்நிழலிலேயே நின்றோம். வாயிற்காவலர் இருவரும் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். மூன்றாம் மாடியில் இறங்க இயலாது வாழ்ந்த ஒரு முதிய தம்பதியருக்கும் கொண்டு சென்றனர். திரும்பி வந்தவர்கள் மேசைக்காரப் பெண்ணிடம், அம்மூதாட்டிக்குச் சர்க்கரை நோய், அடுத்த முறை பாயசம் வேண்டாம் என்று எழுதச் சொன்னார்கள். அவள் எழுதிக் கொண்டாள். அத்தம்பதியர் தமிழர். நம் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். மூன்று ஆண்டுகளாக அவர்கள் நம் கூட்டங்களுக்கு வராததை நாங்கள் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

நோக்கு என்று எதனைக் கருதுகின்றோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களிடம் இல்லை. அப்பெரியவரின் வாக்கியம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். விளங்கிய உடனே, யாரிடமும் கேளாமல், எத்தனை வீடு, எத்தனை பொட்டலம், யார் எந்தத் தெரு என்று அவன் தானே பிரித்துக்கொள்ள இயலும். மாலையில் அது நிறைவேறியதா இல்லையா என்று அவனே அறிவான். 'தமிழ் வளர்ப்போம்' என்று நாங்கள் துணியில் எழுதித் தொங்கவிட்டது உயர்ந்த நோக்கந்தான். எனினும் அதனைக் கேட்ட பிள்ளை திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது?

இதே வங்க நாட்டில் இதனை நன்கறிந்த ஒருவர் இருந்தார். குருசதய் தத் என்பது அவர் பெயர். 1882-இல் சில்ஹெட் பகுதியில் பிறந்து ஐ.சி.எஸ். பதவி வகித்தவர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீர்பூம் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, 'ராய்பேன்ஷே' என்னும் கூத்தைக் கண்டார். முற்காலக் காலாட்படையினரின் வழிவந்தோர் எனக் கருதப்படும், சமுதாயத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த மக்கள் ஆடிய வீர ஆட்டம் அது. அந்நாளில் கற்றோர் அதனைக் கண்ணெடுத்தும் பாரார். மாவட்ட ஆட்சியரோ அதில் ஓர் இளைஞர் இயக்கத்தையே கண்டார். 1932-இல் 'பிரதசாரி' இயக்கத்தைத் தொடங்கினார். அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி என ஐந்து விரதங்கள். அவற்றுள் ஐந்தாவதை எண்ணிப் பாருங்கள். இளைஞர்களுக்கு வகுத்த நெறிமுறைகளில் மகிழ்ச்சியைக் கடமையாக வைத்த மூத்தோர் எத்தனை பேர்?

பிரதசாரியில் பாட்டும் ஆட்டமும் தனியே நிற்கவில்லை. ஆடிய கால்களே குளத்தில் இறங்கின. வங்கத்து நீர்நிலைகளை மூடிப் பரவிய ஆகாயத்தாமரையைக் களைவதற்கென்றே அவ்வியக்கத்தில் பாடல் உண்டு. ஊரைத் துப்புரவு செய்வதும் கைத்தொழிலும் விரதத்தில் அடங்கின. அலுவலர்களும் ஆசிரியர்களும் சிற்றூர் மக்களோடு ஒரே வட்டத்தில் நின்று ஆடவேண்டியதாயிற்று. ஆட்சியரே ஆடினார். அவருடைய நண்பர்களுள் சிலர்க்கு இது பெருத்த சங்கடமாக இருந்திருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணி மகிழ்வதுண்டு. குருசதய் தத் 1941-இல் காலமானார். அவர் திரட்டிய நாட்டுப்புறக் கலைப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இந்நகரின் தென்புறத்து ஜோக்காவில் எழுந்தது. நம் பிள்ளைகளுள் அதனைப் பார்த்தவர் யாரேனும் உண்டோ, அறியோம். நாங்களும் அழைத்துச் சென்றதில்லை.

சாரணர் இயக்கத்தை நீங்கள் அறிவீர்கள், விரித்துரைக்கத் தேவையில்லை. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டினார். செல்வர் பள்ளிகளில் பயின்றோரையும் உழைப்பாளர் இல்லத்துப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். அங்கேதான் அவருடைய நோக்கின் கூர்மை தெரிகின்றது. எனினும் அவ்வியக்கம் 1909-இல் நம் நாட்டிற்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. தொலைநோக்கு உடையவர்களுக்கும் ஒரு பக்கம் கண் தெரியாமற் போவது உண்டு. அக்குறையை நிரப்ப ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-இல் தாமே ஒரு குழு அமைத்தார். சென்னையில் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கம் கண்டார். மதன்மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்சுருவும் பாஜ்பாயும் 1918-இல் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். தனித்தனியே ஓடிய இவ்வோடைகள் விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின.

நோக்கு ஒன்றே போதும் என்று யாரும் கொள்ள வேண்டா. ஜெர்மனியில் 1926-இல் தொடங்கிய இட்லர் இளைஞர் படைக்கும் நோக்கு இருந்தது. 1936 டிசம்பரில் இயற்றிய சட்டம் அந்நாட்டு இளைஞர் அனைவரையும் அதற்குள் அடக்க வழி செய்தது. அங்கே நோக்கு மிகத் தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் முகத்தை மட்டும் எவரும் நோக்கவில்லை. அவ்வளவு பெரிய கொடுமையோடு ஒப்பிடுவது எங்கள் எண்ணமன்று. ஆயினும் தாம் ஆக இயலாததைப் பிள்ளைகளை ஆக்கிப் பார்க்கும் ஆசை எல்லா மூத்தோர்க்கும் சிறிதளவு உண்டு. எங்கள் மூவருள் ஒருவர் இளமையில் நடிகராக விரும்பியவர். மூன்று பேரரசுகளின் நாடகம் எட்டு ஆண்டுகள் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எவர் என்று கூறமாட்டோம்.

இந்நகரோடு தொடர்புடைய இன்னொரு நிகழ்ச்சி நினைவிற்கு வருகின்றது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பாரதியார் தம்தம்மில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். 'மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?' என்று அம்மையார் வினவியதாகக் கூறுவர். சந்திப்பு சிறிது நேரமே. 1908-இல் 'ஸ்வதேச கீதங்கள்' வெளியிட்டபோது அந்நூலை அவர் நிவேதிதைக்கே காணிக்கையாக்கினார். அம்மையார் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை, போட்டி வைக்கவில்லை. அவர் தாமே கேட்டுக்கொள்ளாத ஒரு கேள்வியைக் கேட்டார். நாமோ அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒப்புவித்தல் போட்டி நடத்துகின்றோம்.

இனி ஏழாவது தீர்மானத்திற்கு வருவோம்.

சென்ற மாதம் அந்த ஒன்பது பேரையும் கீழ்த்தள அறையில் சந்தித்தோம். முழங்கால் நோயுற்ற நண்பரும் தொலைபேசி வழியே உடனிருந்தார். இம்முறை பட்டியல் எதுவும் கொண்டு செல்லவில்லை. 'இங்கே உங்களுக்கு என்ன தெரிகின்றது?' என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, 'நம்ம சங்கத்துல நிறைய வீட்ல தாத்தா பாட்டி மட்டும்தான் இருக்காங்க. பசங்க எல்லாம் பெங்களூரு, சென்னை, அமெரிக்கானு போயிட்டாங்க. அவங்க எப்படி இந்த ஊருக்கு வந்தாங்கன்னு யாருக்குமே தெரியாது' என்றாள். மற்றவர் அவளைத் தொடர்ந்தனர். உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து நாற்பத்தொரு வீடுகளை அவர்கள் முன்னரே குறித்து வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் இருவர் இருவராகச் சென்று, மருந்தோ காய்கறியோ வாங்கித் தரவேண்டுமாயின் வாங்கித் தந்து, அப்பெரியோர் எந்த ஆண்டு எந்த ரயிலில் ஹௌராவில் வந்து இறங்கினர், முதற்சம்பளம் எவ்வளவு, யார் வீட்டில் தங்கினர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பது அவர்கள் எண்ணம். 'தமிழ்ல எழுதணும், அவங்க படிக்கணும்ல' என்றான் ஒருவன். அவ்வொன்பதின்மருள் தமிழ் எழுதத் தெரிந்தவர் மூவரே.

உண்மையை ஒளிக்க வேண்டுவதில்லை. அக்கணத்தில் எங்கள் நாக்கின் நுனிவரை ஒரு வாக்கியம் வந்தது: 'முதலில் ஆறு மாதம் எழுத்துப் பயிற்சி, அதன் பிறகு வீடுகளுக்குப் போகலாம்.' தொலைபேசியின் மறுமுனையில் நண்பர் இருமினார். வாக்கியம் விழுங்கப்பட்டது. இரண்டு வாரத்தில் எழுத்துத் தெரியாத அறுவருள் நால்வர், தெரிந்த மூவரிடம் தாமே கற்கத் தொடங்கிவிட்டனர் என்று இப்போது அறிகின்றோம்.

அவர்கள் கேட்பது பெரிதன்று. பேருந்துக் கட்டணத்திற்கும் குறிப்பேடுகளுக்குமாக ஆண்டுக்கு 6,000 ரூபாய். கணக்கைப் பொருளாளரிடம் மாதந்தோறும் காட்டுவர். வாடகைக்கு விட்டால் அறையிலிருந்து இதனினும் பன்மடங்கு வருவாய் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. தீர்மானத்தை ஓராண்டு ஒத்திவைக்குமாறு இச்சபையை எங்கள் மூவர் சார்பிலும் வேண்டுகின்றோம். ஓராண்டில் நாற்பத்தொரு வீடுகளும் முடியாமற் போகலாம். சில குறிப்புகள் எழுத்துப் பிழையோடு இருக்கலாம். அப்பிழைகளைத் திருத்தும் பணி எங்களிடம் கொடுக்கப்படாதிருப்பின் நலம். கேட்டால் திருத்துவோம்.

மற்றொரு செய்தி. கீழ்த்தள அறைக்குச் சாவிகள் இரண்டு. ஒன்று செயலாளரிடம் உள்ளது. மற்றொன்று, மறைந்த எங்கள் நண்பரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அதனை அவர்தம் துணைவியார் இன்று காலை கைக்குட்டையில் முடிந்து கொடுத்தனுப்பினார். அவர் வீடும் அந்த நாற்பத்தொன்றில் பன்னிரண்டாவதாக உள்ளது. தலைவர் அவர்கள் இசைவு தந்தால், வாக்கெடுப்பு முடிந்தவுடன், பின்வரிசையில் இடப்பக்க மூலையில் அமர்ந்திருக்கும் அப்பெண்ணிடம் அதனை ஒப்படைக்க விழைகின்றோம்.